‘டைப் 2’ என்று எந்தப் பரிசோதனை சொன்னது?

திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 34. தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. வீட்டில் கணவர், மாமியார், எட்டு வயது மகன். இரண்டு வருடத்துக்கு முன் கால் விரலில் பட்ட புண் ஆறவில்லை என்று டாக்டரிடம் போனபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 186, சாப்பிட்ட பிறகு 290, மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி 9.1. “உங்களுக்கு டைப் 2 சுகர்” என்று சொல்லி மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மாதம் நன்றாக இருந்தது, 6.9 வரைக்கும் இறங்கியது. பிறகு ஏற ஆரம்பித்தது. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். நான்கு மாதத்துக்கு முன் மூன்றாவதாக டாபாகிளிஃப்ளோசின் சேர்த்தார்கள். இப்போது எச்பிஏ1சி 10.8. எடை 52 கிலோவிலிருந்து 44-க்கு வந்துவிட்டது. உயரம் 158 செ.மீ. இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறார்.

சோற்றை அறவே விட்டுவிட்டு, சாமையும் காய்கறியுமாகத்தான் சாப்பிடுகிறாராம். அப்படியும் குறையாததால் மாமியார் சொல்கிறார்: “ஒளிச்சு வச்சு இனிப்பு திங்கிறா. இல்லாட்டி மூணு மாத்திரை போட்டும் எப்பிடி ஏறும்?” கணவர் வாயைத் திறப்பதில்லை. ஐப்பசியில் கந்த சஷ்டிக்குத் திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டி விரதம் இருந்திருக்கிறார். நான்காம் நாள் வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல். ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்ததில், “சுகர் 210தான், கேஸ் டிரபுள்” என்று இரண்டு பாட்டில் டிரிப் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இப்போது டாக்டர் இன்சுலின் என்கிறார். “கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டேனா? எடையைக் குறைத்துச் சுகரையே விரட்டிவிட்ட என் அத்தை மகன் மாதிரி நானும் செய்ய முடியாதா? இரண்டு வருடம் தவறான மருந்து கொடுத்தார்கள் என்றால் புகார் செய்யலாமா? என் மகனுக்கும் வருமா?” இவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே ஒரு வரி: “வேறு நோய் எதுவும் இல்லை. தைராய்டு மாத்திரை மட்டும் ஐந்து வருடமாகப் போடுகிறேன்.”

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் ஒரு பொருட்டாக நினைக்காமல் எழுதிய அந்தத் தைராய்டு மாத்திரைதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது. பெரியவர்களுக்குத் தைராய்டு குறைவாகச் சுரப்பதற்கு, உடலின் எதிர்ப்பு சக்தி தன் சொந்தச் சுரப்பியையே பகையாக நினைத்துத் தாக்குவது ஒரு முக்கியக் காரணம். அதே எதிர்ப்பு சக்தி கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையும் தாக்கலாம். அதற்குப் பெயர்தான் டைப் 1. இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குச் சரியாக வசப்படாமல் போவது டைப் 2. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் நோய் என்று அதை நினைத்துக்கொண்டிருக்கிறோம். முப்பதிலும் நாற்பதிலும் வரும். அந்த வயதில் வரும்போது பல நேரம் மெதுவாக, மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் செல்களை அரித்துக்கொண்டே போகும். அதனால் முதல் சில மாதங்கள் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு, டைப் 2 போலவே நடந்துகொள்ளும். இந்த மெதுவான வகையை மருத்துவத்தில் ‘லாடா’ என்று சுருக்கமாகச் சொல்வோம். எட்டு மாதம் நன்றாக இருந்து, பிறகு எந்த மாத்திரைக்கும் அடங்காமல் போன உங்கள் கதை அதற்குப் பொருந்துகிறது.

பொருந்துகிறது என்றுதான் சொல்கிறேன், அதுதான் என்று சொல்லவில்லை. ஒல்லியாக இருப்பதை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. நம் நாட்டில் ஒல்லியானவர்களுக்கும் டைப் 2 வருகிறது. உங்கள் அப்பாவுக்கு 55 வயதில் சுகர் வந்ததால் உங்களுக்கும் அதே பரம்பரைச் சுகர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் முடிவல்ல. வீட்டுக்கு ஒருவருக்குச் சுகர் இருக்கும் ஊரில், டைப் 1 வருகிறவருக்கும் டைப் 2 உள்ள அப்பா இருப்பார்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகல்களை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். சர்க்கரை எவ்வளவு என்று பதினோரு தாள்கள் சொல்கின்றன. எந்த வகைச் சர்க்கரை என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை ஒன்றுகூட இல்லை. ‘டைப் 2’ என்பது உங்கள் வயதைப் பார்த்துச் செய்த அனுமானம்.

மாமியாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இந்தப் பகுதியை அவரிடம் படித்துக் காட்டுங்கள். இன்சுலின் இல்லாத உடம்பில், சாப்பிட்ட சோறு சர்க்கரையாக ரத்தத்தில் நிற்கும், செல்லுக்குள் போகாது. சிறுநீரில் போய்விடும். பசித்த உடம்பு தன் சதையையும் கொழுப்பையும் கரைத்துத் தின்ன ஆரம்பிக்கும். எட்டு கிலோ போனது இப்படித்தான் இருக்கும். வெறும் வயிற்றிலும் சர்க்கரை ஏறுவதற்கு ஒளித்துத் தின்ன வேண்டியதில்லை அம்மா, கல்லீரலே விடிய விடியச் சர்க்கரையை உண்டாக்கி ரத்தத்தில் கொட்டும். உங்கள் மருமகள் தின்று கெடவில்லை, பட்டினி கிடந்து கெட்டுக்கொண்டிருக்கிறார்.

விரதத்தின் நான்காம் நாள்

சகோதரி, இதைத்தான் உங்களிடம் அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

டாபாகிளிஃப்ளோசின் நல்ல மருந்துதான். டைப் 2 உள்ளவர்களில் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது செய்யும் உதவி பெரிது. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது அதன் வேலை. ஆனால் உடம்பில் இன்சுலின் மிகவும் குறைந்துபோன ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு பட்டினியும் கிடந்தால், கொழுப்பு கரைந்து கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேரும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல், பிறகு மயக்கம். உயிருக்கே ஆபத்தான நிலை இது. வழக்கமாக இந்த நிலையில் சர்க்கரை மிக அதிகமாக இருக்கும், பார்க்கிறவர்கள் உடனே உஷாராகிவிடுவார்கள். இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கோ சர்க்கரை வெளியேறிக்கொண்டே இருப்பதால், 200-ஐ ஒட்டி நிற்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடும். உங்கள் 210 அப்படிப்பட்டதாக இருந்திருக்கலாம். உங்களைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்று கீட்டோன் பார்த்தார்களா என்பது அந்த ஆஸ்பத்திரிக் குறிப்பில்தான் இருக்கும்.

ஆகவே இதைப் படித்த அன்றே உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். எடை குறைந்தது, விரதத்தில் நடந்தது இரண்டையும் சொல்லி, டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தலாமா என்று கேளுங்கள். நிறுத்தத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். அதற்குள் வாந்தி வந்தாலோ, சாப்பிட முடியாமல் போனாலோ யாரையும் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். அந்த மாத்திரையைப் போடாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், “இந்த மாத்திரை போடுகிறேன், கீட்டோன் பாருங்கள்” என்று சொல்லுங்கள். சுகர் 200தானே என்று யார் சொன்னாலும் மீண்டும் கேளுங்கள். மருந்துக் கடையில் கீட்டோன் பார்க்கும் சிறுநீர்ப் பட்டை கிடைக்கும், ஒரு டப்பா வாங்கி வீட்டில் வையுங்கள். மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

என்னென்ன பரிசோதனை

முதலாவது, ஜிஏடி ஆன்டிபாடி. எதிர்ப்பு சக்தி கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை இது. தெளிவான பாசிட்டிவ் வந்தால், உங்கள் கதையோடு சேர்த்துப் பார்க்கும்போது விஷயம் ஏறக்குறைய முடிந்தது. நெகட்டிவ் வந்தால் கதவு மூடிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டைப் 1 இருந்தும் ஆன்டிபாடி தெரியாதவர்கள் நம்மிடையே உண்டு. ஐஏ-2, இசட்என்டி8 என்று இன்னும் இரண்டு ஆன்டிபாடிகள் இருக்கின்றன, தேவைப்பட்டால் டாக்டர் பார்க்கச் சொல்வார்.

இரண்டாவது, சி-பெப்டைடு. கணையம் இன்சுலினை உண்டாக்கும்போது கூடவே அதே அளவில் வெளியே வரும் துண்டு இது. அரிசி எவ்வளவு அரைத்தது என்று தெரியாவிட்டால் தவிட்டை அளந்து தெரிந்துகொள்ளலாம் அல்லவா, அது போல. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்து, ஒரு மில்லிக்கு 0.6 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் சொந்த இன்சுலின் தீர்ந்துவருகிறது என்று பொருள். 1.8-க்கு மேலே என்றால் டைப் 2 பக்கம் சாய்கிறது. இடையில் நின்றால் சில மாதம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். இதில் ஒரு விஷயத்தைப் பலர் கோட்டை விடுகிறார்கள். அதே ரத்தத்தில் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்திருந்தால் நல்ல கணையமும் சும்மா இருக்கும். வாரக்கணக்கில் மிக உயர்ந்திருந்தால் களைத்துப்போன கணையமும் குறைவாகவே சுரக்கும். சர்க்கரை இல்லாத சி-பெப்டைடு அளவு பாதி ரிப்போர்ட்தான்.

மூன்றாவது, வயிற்று ஸ்கேன். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கணையத்தில் கல் விழுந்து வரும் ஒரு சர்க்கரை நோய் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து விட்டு விட்டு வயிற்று வலி, எண்ணெய்ப் பசையாக மலம் போவது, ஒல்லியான உடம்பு என்று வருவார்கள். ஒரு காலத்தில் மரவள்ளிக் கிழங்கின் மேல் பழி போட்டார்கள், அது நிரூபணமாகவில்லை. உங்கள் கடிதத்தில் அந்த அடையாளங்கள் இல்லை. இருந்தாலும் ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடுகிற விஷயத்தை விட வேண்டாம்.

எடை குறைந்திருப்பதால் ஒரு மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம், அதுவும் உடம்பை உருக்கும். தைராய்டு அளவையும் திரும்பப் பாருங்கள், மாத்திரை அளவு கூடிப்போனாலும் எடை இறங்கும். ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். இப்போதே வெறும் வயிற்றில் 240, 260 என்று இருப்பதால் இரும்புச்சத்தை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆன்டிபாடியும் சி-பெப்டைடும் எல்லா லேபிலும் செய்வதில்லை. பல இடங்களில் ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள், முடிவு வரச் சில நாள் ஆகும், செலவும் கூடுதல். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நீரிழிவுக்குத் தனித் துறை இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து கோரிப்பாளையம் வர உங்களுக்கு ஒரு பஸ் தூரம். ஒரு நாள் லீவு போட்டு, எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள். இன்சுலினும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

இன்சுலின் கடைசிக் கட்டமா?

இல்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய்க்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. எலும்பும் தோலுமாகக் கொஞ்ச நாள் கூட வாழ வைக்கும், அவ்வளவுதான். நூறு வருடத்துக்கு முன்பே தேவையற்றுப் போன அந்தப் பட்டினி வைத்தியத்தைத்தான் நீங்கள் சாமையையும் காய்கறியையும் வைத்துச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று படிக்கும்போது எனக்கு மனசு தாங்கவில்லை. இன்சுலின் குறைந்த உடம்புக்கு இன்சுலினைக் கொடுப்பது, தைராய்டு குறைந்த உங்களுக்குத் தைராய்டு ஹார்மோனைக் கொடுப்பது போலத்தான். ஐந்து வருடமாக அந்த மாத்திரையைப் போடும் நீங்கள் கடைசிக் கட்டத்திலா இருக்கிறீர்கள்?

உங்கள் டாக்டர் இன்சுலின் என்று சொன்னது சரி. வகை தெரிகிற வரைக்கும் அதைத் தள்ளிப்போடாதீர்கள். எச்பிஏ1சி 10-க்கு மேல், கூடவே எடை இறங்குகிறது என்றால், எந்த வகையாக இருந்தாலும் இப்போதைக்கு இன்சுலின்தான் வழி. பரிசோதனை முடிவு சொல்லப்போவது, அது எத்தனை காலத்துக்கு என்பதை. டைப் 1 அல்லது லாடா என்றால் தொடர வேண்டும். கணையத்தைக் கசக்கி இன்சுலினைப் பிழியும் கிளிமிபிரைடு அப்போது வேண்டியதில்லை, அதையும் டாக்டர் நிறுத்துவார். டைப் 2 என்று தெரிந்தால், சில மாதம் கழித்து இன்சுலினைக் குறைத்து மாத்திரைக்குத் திரும்பவும் முடியும். இன்சுலின் தொடங்கியதும் இரண்டு மூன்று கிலோ ஏறும். பயப்படாதீர்கள், உங்கள் உடம்புக்குத் திரும்பி வர வேண்டிய எடை அது.

ஊசி போடும்போது கவனிக்க வேண்டியவற்றில் முக்கியமானது சிரிஞ்சு. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி போட்ட யு-40 சிரிஞ்சு. பேனா வடிவ ஊசிக் கருவிக்கான மருந்துக் குழலில் (கார்ட்ரிட்ஜ்) ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் மருந்தை யு-40 சிரிஞ்சில் இழுத்துப் போட்டால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். கடையில் “இது இல்லை, அதை வாங்கிக்கோங்க” என்றால் வாங்காதீர்கள். பிரிக்காத குப்பியை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். பிரித்ததை வெளியில் வைத்து நான்கு வாரம்வரை பயன்படுத்தலாம். ஆனால் சித்திரை வெயிலில் உங்கள் ஊர் வீட்டுக்குள்ளேயே வெந்துவிடும். ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னக் கிண்ணத்தில் வைத்து மூடினால் போதும். ஸ்கூட்டர் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள்.

தாழ் சர்க்கரையைப் பற்றிப் பள்ளியில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும்.

சாமையைப் பற்றி ஒரு வரி. சாமை, கம்பு, கேப்பை எல்லாமே மாவுச்சத்துதான். அரிசியை விட நார்ச்சத்து இருக்கிறது, நல்லது. மருந்து அல்ல. இன்சுலின் தொடங்கியபின் அளவோடு சோறு சாப்பிடுங்கள். முட்டையும் பருப்பும் கூடவே இருக்கட்டும்.

அத்தை மகன் குணமானது உண்மையாக இருக்கலாம். பிரிட்டனில் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையாக எடை குறைத்த டைப் 2 நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் மருந்தில்லாமல் ஒரு வருடத்தைத் தொட்டார்கள். அவர்கள் எல்லோரும் அதிக எடை உள்ளவர்கள், நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள். அவர் 90 கிலோவிலிருந்து இறங்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 44 கிலோவில் இருக்கும் நீங்கள் எதைக் குறைப்பது? அவருக்கு மருந்தாக இருந்தது உங்களுக்கு விஷம்.

புகார் செய்யலாமா?

இரண்டு வருடத்துக்கு முன் உங்களைப் பார்த்த டாக்டர் முதலில் டைப் 2 என்று நினைத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரையில் மிகப் பெரும்பாலானது அதுதான். மாத்திரை தோற்று, எடையும் இறங்கியபோது அந்த அனுமானத்தைத் திரும்பக் கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்பது என் வருத்தம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது, பொதுவாக இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் அனுமானம் தவறிப்போவது வேறு, சட்டம் சொல்லும் அலட்சியம் வேறு. நிரூபிக்க இன்னொரு நிபுணர் வேண்டும், வருடங்கள் ஆகும். அதில் இறங்குவதா வேண்டாமா என்பதை உடம்பு தேறியபின் ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து யோசியுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விரதத்தின்போது சேர்த்த ஆஸ்பத்திரியில் உங்கள் சிகிச்சைக் குறிப்பை எழுத்தில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உங்களுக்கு வைத்தியம் பார்க்கப்போகும் டாக்டருக்கு அந்தத் தாள் மிகவும் தேவை. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை. “இவர் கோபித்துக்கொள்வாரோ” என்று தயங்குகிறீர்கள். இப்போதைய டாக்டரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “சார், மூணு மாத்திரைக்கும் கேட்கலை, எட்டு கிலோ குறைஞ்சிருக்கு, தைராய்டும் இருக்கு. டைப் 1-ஆ இருக்குமான்னு ஒரு ஜிஏடியும் சி-பெப்டைடும் பார்த்திடலாமா?” இதற்குக் கோபப்படும் டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

மகனைப் பற்றி

டைப் 1 என்ற பேச்சைக் கேட்டதும் நீங்கள் முதலில் பயப்படப்போவது மகனை நினைத்துத்தான். தாய்க்கு டைப் 1 இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற அளவுதான். பரம்பரையாக வரும் வேகத்தில் டைப் 2 இதைவிடப் பல மடங்கு. இன்றைக்கு அவனுக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. திடீரென்று அதிகத் தாகம், படுக்கையில் திரும்பவும் சிறுநீர், எடை குறைவு என்று பார்த்தால் மட்டும் அன்றைக்கே ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

முருகனுக்கு வேண்டிக்கொண்ட விரதத்தை விடச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். அடுத்த ஐப்பசிக்குள் இன்சுலின் அளவு ஒரு நிலைக்கு வந்திருக்கும். எதைக் குறைப்பது, எந்த நேரம் பாலும் பழமும் எடுப்பது என்று டாக்டரிடம் ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டுக்கொண்டு போகலாம். இந்த வருடம் மட்டும், கார்த்திகை என்றாலும் ஏகாதசி என்றாலும், ஒரு வேளைகூடப் பட்டினி வேண்டாம்.

முடிவுகள் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். சி-பெப்டைடு எடுத்த அதே நேரத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.